429 கோடியே சொச்சம்: ஓர் எண்ணின் உள்ளமைப்பு

நண்பர்களே, கரும்பலகையில் இருப்பது 4294967297. அதாவது 2³² + 1. 2-ஐ 1, 2, 4, 8, 16 என இரட்டித்துப் போகும் அடுக்குகளுக்கு உயர்த்தி ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். இந்த ஐந்தையும் பார்த்த பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா, அதே வார்ப்பில் வரும் எல்லா எண்களும் (இவையே ஃபெர்மா எண்கள்) பகா எண்களே என்று 1640-களில் நம்பினார். ஆறாவதாக வரும் இந்த எண்ணிலேயே அது பொய்த்தது. 1732-இல் கணிதர் ஆய்லர் இதை 641-ஆல் வகுத்துக் காட்டினார்.

641 எப்படிக் கிடைத்தது? ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. ஒரு பகா எண் இதை வகுத்தால், அதனால் வகுக்கும்போது 2³² மீதி −1 தரும் (அதாவது, ஒன்று கூட்டினால் மீதியின்றி வகுபடும்). 2⁶⁴ மீதி 1 தரும். 64-க்குக் குறைந்த எந்த அடுக்கும் 1 தராது. ஆகவே அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 64-இன் மடங்கு வர வேண்டும். இதற்கு ஆதாரம் ஃபெர்மாவின் சிறு தேற்றம்தான்: பகா எண் p வகுக்காத எந்த எண்ணையும் p−1 அடுக்குக்கு உயர்த்தி p-ஆல் வகுத்தால் மீதி 1. அவர் கைச்சரக்கே அவரைக் கவிழ்த்தது! இனி 193, 257, 449, 577, 641 என்று ஐந்தே பேரை விசாரித்தால் போதும். பின்னாளில் பிரெஞ்சுக் கணிதர் லூகா 64-ஐ 128 ஆக்கினார். 257, 641 இரண்டே மிஞ்சின. அதிலும் 257 முந்தைய ஃபெர்மா எண். இரு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக்காரணி கிடையாது என்பதால் அதையும் தள்ளலாம்.

வகுக்காமலே சரிபார்க்கலாம். 641 = 5×2⁷ + 1; 641 = 5⁴ + 2⁴. முதலாவதன்படி 5×2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-இன் மீதி 1. 5⁴-க்குப் பதில் −2⁴ வைத்தால் −2³²-இன் மீதி 1. முடிந்தது.

ஈவு 6700417. இதுவும் பகா எண்தானா? வர்க்கமூலம் 2588 சொச்சம். இதன் காரணிகள் மூல எண்ணுக்கும் காரணிகளே என்பதால் அதே விதி பொருந்தும். அதற்குள் 128-இன் மடங்கோடு ஒன்று கூடிய பகா எண்கள், 257-ஐ விட்டால், 641, 769, 1153, 1409. வகுத்தால் மீதி முறையே 44, 120, 334, 622. பகா எண்ணேதான்.

எனக்குப் பிடித்த பக்கம் வேறு. 65536² + 1² என்பதே இந்த எண். 62264² + 20449² என்பதும் இதுவே. பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுத முடியாது. காரணி தெரியாமலே இது பகு எண் என்று இங்கே தெரிந்துவிடுகிறது.

நிரல் எழுதுவோர் கவனிக்க: குறியற்ற 32 பிட்டில் இதைப் போட்டால் 1 என்றே பதிவாகும். குறியுள்ள 64 பிட்டில் எண் அடங்கும், ஆனால் 303.7 கோடிக்கு மேற்பட்ட மீதியை வர்க்கப்படுத்தினால் வழிந்துவிடும். அடிமானம் 2 வைத்து ஃபெர்மா சோதனை (எண்ணில் ஒன்று குறைந்த அடுக்குக்கு அடிமானத்தை உயர்த்தி, எண்ணால் வகுத்தால் மீதி 1-ஆ என்று பார்ப்பது) செய்தால் இது பகா எண்போலவே தேறிவிடும். 2⁶⁴-இன் மீதி 1, 2³² என்பதோ 64-இன் மடங்கு. அடிமானத்தை 3 ஆக்கி 32 தடவை வர்க்கப்படுத்துங்கள். மீதி 1 வராது.