அரசு வழக்கறிஞரைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கும் நாடு

(திரையில்: 88 டாலர் 30 சென்ட் என்று எழுதப்பட்ட காசோலை)

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், 88 டாலர் 30 சென்டுக்கான போலிக் காசோலை தொடர்பாக ஒருவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அந்தக் குற்றத்துக்கு அன்றைய சட்டப்படி இரண்டு முதல் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஐந்து ஆண்டுத் தண்டனைக்குப் பரிந்துரைப்பதாக அரசு வழக்கறிஞர் கூறினார். மறுத்தால், முன்பே இருமுறை தண்டிக்கப்பட்டவர் என்பதைச் சுட்டிக்காட்டி, தொடர் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதிக்கும் சட்டத்தின் கீழ் கூடுதல் குற்றச்சாட்டைச் சேர்ப்பதாகவும் எச்சரித்தார். அந்த மனிதர் மறுத்தார். ஆயுள் தண்டனையும் பெற்றார். இதில் அரசியல் சட்ட மீறல் எதுவும் இல்லை என்று 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

ஐந்து ஆண்டுகளுக்கும் ஆயுளுக்கும் இடையிலான தூரத்தை அளந்தவர் இங்கே அரசு வழக்கறிஞரே. எந்தக் குற்றச்சாட்டைப் பதிவு செய்வது, எதை விட்டுவிடுவது, என்ன பேரம் பேசுவது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கின்றன. மாநில நீதிமன்றங்களில் கிடைக்கும் தண்டனைகளில் ஏறத்தாழ 94 விழுக்காடு, விசாரணை நடக்காமலேயே, குற்ற ஒப்புதலின் வழியாக வருபவை என்று அதே உச்ச நீதிமன்றம் 2012-இல் குறிப்பிட்டது.

(திரையில்: அமெரிக்க வரைபடம்)

இத்தனை அதிகாரம் கொண்ட இந்தப் பதவிக்குத் தேர்தல் நடத்தும் வழக்கத்தை 1832-இல் மிசிசிப்பி மாநிலம் தன் அரசமைப்பில் எழுதிவைத்தது. இன்று அலாஸ்கா, கனெடிகட், நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்கள் நீங்கலாக, நாடெங்கும் உள்ளூர் அரசு வழக்கறிஞர் மக்களின் வாக்கால் பதவிக்கு வருகிறார். நெடுங்காலம் இந்தத் தேர்தல்கள் கடுமையை வளர்க்கவே பயன்பட்டன. அதற்குக் காரணம் எளிது. பிணையில் வெளிவந்த ஒருவர் கொலை செய்துவிட்டால், அரசு வழக்கறிஞரின் பெயர் மறுநாள் செய்தித்தாளில் வரும். பிணைத்தொகை கட்ட வழியில்லாமல் ஒருவர் மூன்று மாதம் சிறையில் கிடந்து, வேலையையும் வாடகை வீட்டையும் இழந்தால், அதை யாரும் செய்தியாக்குவதில்லை.

இந்தக் கணக்கு சிகாகோவில் மாறியது. 2014 அக்டோபரில் லக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுக் கறுப்பின இளைஞரைக் காவலர் ஒருவர் 16 முறை சுட்டுக் கொன்றார். அந்தக் காவலர் மீது கொலைக்குற்றம் சாட்டப்பட ஓராண்டுக்கு மேல் ஆனது. அதுவும், நீதிமன்ற உத்தரவின் பேரில், அந்தச் சம்பவத்தின் காணொளி வெளியான அதே நாளில்தான் நடந்தது. சிகாகோ அடங்கிய குக் கவுண்டியின் அரசு வழக்கறிஞர் அனிதா ஆல்வரெஸ், இந்தத் தாமதத்துக்காகக் கண்டனத்துக்கு உள்ளாகி, 2016 மார்ச்சில் தன் கட்சியின் உள்தேர்தலிலேயே தோற்றார். அவருக்குப் பின் வந்த கிம் ஃபாக்ஸ், கடைத்திருட்டு வழக்குகளில் ஒரு வரம்பை உயர்த்தினார். 300 டாலருக்கு மேற்பட்ட திருட்டைப் பெருங்குற்றமாகக் கருதலாம் என்று இல்லினாய் மாநிலச் சட்டம் சொன்னபோதிலும், திருடியவர் ஏற்கெனவே பலமுறை பெருங்குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவராக இருந்தாலன்றி, 1,000 டாலருக்குக் குறைந்த திருட்டைத் தம் அலுவலகம் அவ்வாறு கருதாது என்றார். சட்டமன்றம் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை.

(திரையில்: பிலடெல்ஃபியா நகர மன்றக் கட்டடம்)

காவல்துறைக்கு எதிராகப் பல வழக்குகளை நடத்திய லேரி கிராஸ்னர், 2017-இல் பிலடெல்ஃபியாவின் அரசு வழக்கறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவியேற்ற முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் 31 பேரை வெளியேற்றினார். 2018 பிப்ரவரியில், 25 வகைக் குற்றங்களுக்கு இனி ரொக்கப் பிணை கோருவதில்லை என்று அறிவித்தார். தண்டனை கேட்கும்போது, சிறைவாசத்தால் வரிசெலுத்துவோருக்கு ஆகும் செலவையும் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும் என்று தன் வழக்கறிஞர்களுக்கு உத்தரவிட்டார்.

இந்தப் பிணைக் கொள்கையை ஆரெலி ஊஸ், மேகன் ஸ்டீவன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் நுணுக்கமாக ஆராய்ந்தனர். பணமோ வேறு நிபந்தனையோ இல்லாமல் விடுவிக்கப்பட்டவர்களின் விகிதம் 22 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் நீதிமன்றத்துக்கு வராமல் போவதோ மீண்டும் குற்றம் செய்வதோ கூடியதாகத் தெரியவில்லை. சீர்திருத்தத்தை ஆதரிப்போர் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதே ஆய்வு, விசாரணைக்கு முன் சிறையில் அடைக்கப்பட்டோரின் அளவிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றும் சொல்கிறது; பயனடைந்தவர்களில் பலர் எப்படியும் பணத்தைக் கட்டி வெளியே வந்திருக்கக்கூடியவர்கள். ஏழைக் குடும்பங்களின் பணம் மிஞ்சியது உண்மை, சிறை காலியாகவில்லை என்பதும் உண்மை.

பிறகு கொலைகள் பெருகின. 2021-இல் பிலடெல்ஃபியாவில் 562 பேர் கொல்லப்பட்டனர். பிலடெல்ஃபியா அமைந்துள்ள பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை 2022 நவம்பரில் கிராஸ்னருக்கு எதிராகப் பதவிநீக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2024-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. அந்த 2024-இல் கொலைகளின் எண்ணிக்கை 269 ஆகக் குறைந்திருந்தது, அப்போதும் அதே கிராஸ்னர்தான் பதவியில் இருந்தார். 2020-க்குப் பிந்தைய கொலைப் பெருக்கம், கடுமையான அரசு வழக்கறிஞர்கள் இருந்த ஊர்களையும் விட்டுவைக்கவில்லை என்பதால், ஏற்றத்தின் பழியையும் இறக்கத்தின் புகழையும் ஒரே மனிதருக்குச் சூட்டும் வாதங்களை நான் ஐயத்துடனேயே பார்க்கிறேன்.

வாக்காளர்கள் அவ்வளவு பொறுமை காட்டவில்லை. கிராஸ்னரைப் போலவே சீர்திருத்தம் பேசிய அரசு வழக்கறிஞர்களில், சான் பிரான்சிஸ்கோவின் செசா பூடீன் 2022 ஜூனில் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பில் பதவி இழந்தார். லாஸ் ஏஞ்சலிஸின் ஜார்ஜ் கஸ்கோன் 2024 தேர்தலில் தோற்றார். ஃபுளோரிடாவிலோ வாக்காளர்களைக் கேட்காமலேயே ஆளுநர் ரான் டிசாண்டிஸ் இரண்டு அரசு வழக்கறிஞர்களை இடைநீக்கம் செய்தார். அவர்களில் மொனிக் வோரல், 2024-இல் மீண்டும் போட்டியிட்டு வென்றார்.

(திரையில்: குக் கவுண்டி நீதிமன்றம்)

சிகாகோவில் கிம் ஃபாக்ஸ் மீண்டும் போட்டியிடவில்லை. 2024 டிசம்பரில் பொறுப்பேற்ற எய்லீன் ஓநீல் பர்க், கடைத்திருட்டு வரம்பை உடனடியாக 300 டாலருக்கே கொண்டுவந்தார். அதற்கும் ஓர் அலுவலக உத்தரவே போதுமானதாக இருந்தது. ஆனால், ஃபாக்ஸின் ஆதரவோடு இல்லினாய் சட்டமன்றம் நிறைவேற்றி, 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ரொக்கப் பிணை ஒழிப்பு, மாநிலம் முழுவதற்குமான சட்டம். அதை மாற்ற வேண்டுமானால் பர்க் சட்டமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.