வார்னம்புல் சாலையில் வண்டியை நிறுத்துங்கள்

(மெல்பேர்ணில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

நாம் கூடியிருக்கும் இந்த நிலத்தின் மூத்தகுடியினரான பூனுராங் மக்களையும் அவர்களுடைய முன்னோரையும் முதலில் வணங்குகிறேன். மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, தமிழ்ப் பள்ளி அதிபர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய கவிஞர் அவர்களே, விடியற்காலை முதல் சமையலறையில் நிற்கும் மகளிர் அணிச் சகோதரிகளே, பெரியோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நகரசபை உறுப்பினருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நிகழ்ச்சி தொடங்கியதிலிருந்து முன்வரிசையில் அமர்ந்து, நம் பிள்ளைகளின் ஒவ்வொரு நடனத்துக்கும் கைதட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இந்த மேடையிலிருந்து என் தனிப்பட்ட நன்றி. தலைவர் ஐயா எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அதற்கும் நன்றி. இந்தப் பொன்னாடையைப் போன்ற ஒரு துணி செய்த வேலையைப் பற்றிப் பிறகு சொல்லப் போகிறேன்.

"சொந்த ஊருக்குப் போய் வந்தேன்" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசுவேன் என்று சிலர் நினைத்திருக்கலாம். நான் வளர்ந்த ஊர் வார்னம்புல். அப்பாவுக்கு அங்கே மருத்துவமனையில் வேலை கிடைத்தது. சைக்கிள் ஓட்டக் கற்றதும், நீந்தக் கற்றதும், முதன்முதலில் காதலித்த கடலும் அங்கேதான். மெல்பேர்ணிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 260 கிலோமீட்டர். சென்ற செப்டம்பர் பள்ளி விடுமுறையில் கணவர், மகன், சுன்னாகத்திலிருந்து வந்திருந்த அத்தை ஆகியோருடன் அங்கே போய்வந்தேன். நான்கு விஷயங்களைச் சொல்ல நினைத்து வந்தேன்: ஓர் ஓவியம், ஒரு தீவு, திமிங்கிலங்கள், விலாங்குகள். எல்லாவற்றையும் இணைக்கும் பழமொழி ஒன்றே ஒன்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். என் மகன் இதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டான். நீங்களும் இன்று செய்துவிடுவீர்கள்.

முதலில் ஓவியம். வார்னம்புல்லுக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் டவர் ஹில் என்ற அணைந்த எரிமலை இருக்கிறது. முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் வெடித்து அடங்கிய மலை. அதன் சாம்பலுக்கு அடியில் மனிதர் செய்த கல் கோடரி ஒன்று கிடைத்திருக்கிறது. அந்த எரிமலை வெடித்தபோதே அந்தப் பகுதியின் மூத்தகுடியினரான கன்டிச்மாரா மக்களின் முன்னோர் அங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வியன்னாவில் பிறந்த யூஜின் வான் கெரார்ட் என்ற ஓவியர் 1855-இல் அந்த இடத்தை வரைந்தார். ஏரி, நடுவில் குன்றுகள், குன்றுகள் முழுக்க மரம். இலை இலையாக, புல் புல்லாக வரைகிற கை அவருக்கு. அதற்குப் பிறகு வந்தவர்கள் மரங்களை வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள், கல் எடுத்தார்கள். 1892-இல் விக்டோரியாவின் முதல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அறிவிப்பு காகிதத்தில் இருந்தது, குன்றுகள் மொட்டையாக இருந்தன. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

ஆனால் இந்த ஊர்க்காரர்கள் நமஸ்காரத்தோடு நிற்கவில்லை. 1961-இல் அதை வனவிலங்குக் காப்பிடமாக்கிய பிறகு, என்ன மரம் எங்கே நட வேண்டும் என்று அறிய வான் கெரார்டின் ஓவியத்தையே எடுத்துப் பார்த்தார்கள். அதில் எந்தச் செடி என்று தாவரவியலாளர்கள் அடையாளம் காணும் அளவுக்கு அது துல்லியமாக இருந்தது. நூறு ஆண்டுப் பழைய ஓவியத்தைப் பார்த்து ஒரு காட்டையே திரும்ப நட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாகப் போய் நட்டார்கள். எங்கள் வகுப்பும் போனது. நாங்கள் நட்டது விரல் உயரக் கன்று. இந்த முறை போனபோது அந்தச் சரிவு முழுக்க நிழல். ஈமுக்கள் சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே அதிகாரமாக நடக்கின்றன. அத்தையின் கையில் இருந்த வடையை ஒரு ஈமு கழுத்தை நீட்டிப் பார்த்தது. அத்தை வடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். காட்டு விலங்குக்கு உணவு கொடுக்கக் கூடாது என்ற சட்டம் அவருக்குத் தெரியாது, ஆனால் சட்டப்படி நடந்துகொண்டார். மரக்கிளையில் ஒரு கோவாலா தூங்கிக்கொண்டிருந்தது. நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும் விலங்கு அது, யூகலிப்டஸ் இலையில் சத்து அவ்வளவு குறைவு. பாதை ஓரத்தில் ஓர் எகிட்னா எறும்புப் புற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் முள், முட்டையிட்டுப் பால் கொடுக்கும் உயிர். எங்களைக் கண்டதும் மண்ணைத் தோண்டி முள்ளை மட்டும் வெளியே காட்டி அமர்ந்துவிட்டது. மகன் அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அடுத்தது தீவு. வார்னம்புல்லில் மெரி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மிடில் ஐலண்ட் என்ற சிறு தீவு. உலகிலேயே மிகச் சிறிய பென்குயின் வகை அங்கே முட்டையிடுகிறது. ஒரு கிலோ எடை இருக்கும், அவ்வளவுதான். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன. கடல் வற்றும் நேரத்தில் நரி நடந்தே தீவுக்குப் போய்விடும். நரி இந்த மண்ணின் விலங்கு இல்லை, வேட்டையாடி மகிழ்வதற்காக வெள்ளையர் கொண்டுவந்து விட்டது. 2005-இல் எண்ணிப் பார்த்தபோது பத்துப் பென்குயின்கூட மிஞ்சவில்லை. அப்போது ஸ்வாம்பி மார்ஷ் என்று ஊரே அழைக்கும் கோழிப்பண்ணைக்காரர் ஒரு யோசனை சொன்னார். என் கோழிகளை நரியிடமிருந்து காப்பது மரெம்மா நாய், அதையே பென்குயினுக்கும் காவல் வையுங்கள் என்றார். 2006-இல் முயன்றார்கள். நாய் தீவில் இருந்த காலத்தில் நரி எட்டிப் பார்க்கவில்லை. பென்குயின்கள் நூற்றைத் தாண்டிப் பெருகின. பேராசிரியர்களும் அதிகாரிகளும் திகைத்து நின்ற இடத்தில் ஒரு விவசாயியின் அனுபவம் வழி காட்டியது. கடல் கொந்தளித்ததால் 2017-இல் நாய்கள் சில நாள் தீவுக்குப் போக முடியவில்லை. அந்த இடைவெளியில் நரி புகுந்து ஏறத்தாழ 140 பென்குயின்களைக் கொன்றுவிட்டது. சில நாள்தான், ஐயா. பல ஆண்டு உழைப்பு!

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பயணத்தில் ஒரு மாலை போர்ட் ஃபேரி என்ற கடலோர ஊருக்குப் போயிருந்தோம். அங்கே கிரிஃபித்ஸ் தீவில், வட பசிபிக் வரை பறந்து போன மட்டன் பேர்ட் என்ற கடற்பறவைகள் ஒவ்வொரு செப்டம்பரும் தம் பழைய வளைக்கே திரும்பி வரும். இருட்டும் நேரத்தில் அவை தலைக்கு மேல் வருவதைப் பார்த்துவிட்டு வார்னம்புல்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பிரின்சஸ் நெடுஞ்சாலை. இருபக்கமும் பால் பண்ணைகள். எங்களை ஒரு கார் முந்திக்கொண்டு பறந்தது. கொஞ்ச தூரத்தில் சாலை ஓரத்தில் ஒரு பெரிய சாம்பல் கங்காரு விழுந்து கிடந்தது. கணவர் வேகத்தைக் குறைத்தார். மகன், "அம்மா, வயிற்றுப் பையில் குட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்றான். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "இரவாகிவிட்டதே, யாராவது பார்ப்பார்கள்" என்று கணவர் தயங்கினார். பின் இருக்கையிலிருந்து அத்தை, "தம்பி, நிறுத்துங்கோ" என்றார். ஒரே சொல். எழுபது வயதைக் கடந்தவர், இறைச்சியின் வாடைகூட ஆகாதவர், இருட்டில் சாலையோரம் செத்துக்கிடந்த விலங்கின் அருகே போகச் சொன்னார்.

வண்டியை ஓரமாக நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டோம். மகனை வண்டிக்குள்ளேயே இருக்கச் சொன்னோம். பெண் கங்காரு. உயிர் போய்விட்டிருந்தது, உடம்பில் சூடு ஆறவில்லை. கையுறை போட்டுக்கொண்டு வயிற்றுப் பையைத் திறந்தேன். உள்ளே அசைந்தது! நீண்ட ஒரு கால், பிறகு ஒரு வால். வைல்ட்லைஃப் விக்டோரியா அமைப்பின் அவசர எண்ணுக்குக் கணவர் பேசினார். குட்டி மடிக்காம்பைப் பற்றியிருக்கிறதா என்று முதல் கேள்வி. பற்றியிருந்தால் இழுக்கவே கூடாது, குட்டியின் வாய் புண்ணாகும். இது பற்றவில்லை. மெல்லிய ரோமம் முளைத்து, கண் திறந்திருந்தது. தலையணை உறையில் இட்டு எடுத்தோம். செப்டம்பர் இரவு, கடல் காற்று, எங்களுக்கே நடுக்கம். அத்தை தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி அந்த உறையைச் சுற்றினார். தன் மார்போடு அணைத்துக்கொண்டு வண்டிக்குள் அமர்ந்தார். வாய்க்குள் முருகா, முருகா என்றபடி இருந்தார். பால் லாரிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன, ஒவ்வொரு முறையும் வண்டி ஆடியது. குட்டி பயப்படும் என்று எங்கள் ஒருவரையும் பேச விடவில்லை அத்தை.

மீட்புத் தொண்டர் வந்தார். பக்கத்துப் பண்ணையைச் சேர்ந்த பெண்மணி, பால் கறந்த காலணியோடு வந்திருந்தார். முதல் வேலையாகத் தாயின் உடம்பில் ஸ்ப்ரே பெயிண்டால் பெரிய பெருக்கல் குறி போட்டார். பையைப் பார்த்தாகிவிட்டது என்று பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளம். குட்டியைக் கேட்டார். அத்தை கொடுக்கவில்லை. "என்ன பால் கொடுப்பார்கள் என்று கேள்" என்றார் என்னிடம். பசும்பாலை இந்தக் குட்டிகளின் வயிறு தாங்காது, அதற்கென்று தனிப் பால்மாவு இருக்கிறது என்று அந்தப் பெண்மணி விளக்கினார். ஊரில் எத்தனையோ ஆட்டுக்குட்டிகளுக்குப் பசும்பால் புகட்டி வளர்த்தவர் அத்தை, நம்பவில்லை. மறுபடியும் கேட்கச் சொன்னார். எத்தனை மணிக்கு ஒரு முறை? இரவில் யார் விழித்திருப்பார்கள்? தாய் இல்லாமல் எப்படித் தூங்கும்? எல்லாவற்றுக்கும் அந்தப் பெண்மணி பொறுமையாகப் பதில் சொன்னார். உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம் என்பதையும் சொன்னார். அதன் பிறகுதான் அத்தை அணைத்திருந்த கையைத் தளர்த்திக் குட்டியைக் கொடுத்தார். சால்வையைத் திருப்பித் தர வந்தபோது, "அதன் வாசனை குட்டிக்குப் பழகிவிட்டது, கூடவே போகட்டும்" என்று மறுத்துவிட்டார். அது அவருடைய மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த சால்வை.

பிறக்கும்போது கங்காருக் குட்டி ஒரு மொச்சை விதை அளவுதான். பிறகு ஏறத்தாழ பதினோரு மாதம் பைக்குள்ளே வளர்கிறது. தாய் அடிபட்டுச் செத்த பிறகும், சில வேளை சில நாட்கள் வரைகூட, உள்ளே குட்டி உயிரோடு கிடக்கும். நாம் வேகமாகக் கடந்துபோகும் ஒவ்வொரு உடலுக்குள்ளும் இப்படி ஓர் உயிர் இருக்கலாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பழமொழி சொல்கிறது. இங்கே கண் இன்னும் கெடவில்லை, ஐயா. வண்டியை நிறுத்தினால் போதும்.

நம் மக்கள் நீண்ட வார இறுதி ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளைப் பார்க்கக் கூட்டமாகக் கிளம்புகிறோம். சூரிய அஸ்தமனத்தைப் படம் எடுத்துவிட்டு இருட்டில் மெல்பேர்ணுக்கு விரட்டுகிறோம். கங்காருவும், அதைப் போன்ற சிறிய விலங்கான வாலபியும் மேய வெளியே வருவதும் அதே நேரத்தில்தான். சாலையில் விழும் மழைநீர் ஓரத்துக்கு வழிந்து அங்கே புல் பச்சையாக இருக்கும், அதைத் தேடி வரும். விளக்கொளியில் கண் கூசி நிற்கும். ஒன்று தாண்டினால் பின்னால் இன்னொன்று வரும் என்று எதிர்பாருங்கள். ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள், நேராகவே பிரேக் போடுங்கள். ஒடித்துத்தான் வண்டிகள் மரத்தில் மோதுகின்றன. முடிந்தால் இரவு அங்கேயே தங்கி விடிந்த பின் நன்றாக வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள்.

நகரசபை உறுப்பினர் அவர்களிடம் பணிவான வேண்டுகோள். நம் புறநகரின் விளிம்பில் புது வீடுகள் எழும் சாலைகளில் மாலை முதல் காலை வரை வேகத்தைக் குறைக்க உங்கள் சபையில் பேசுங்கள். கையொப்பமிட்ட மனுவைச் செயலாளர் உங்களிடம் தருவார். தமிழ்ப் பள்ளி அதிபர் அவர்களே, ஒரே ஒரு சனிக்கிழமை வகுப்பை எனக்குத் தாருங்கள். என் மகனுக்கு ஆங்கிலப் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததை நம் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் வீட்டுக்குப் போய் வண்டி ஓட்டும் அப்பாவுக்குச் சொல்வார்கள்.

தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். திமிங்கிலங்களுக்கு நேரம் இல்லை. விலாங்கைப் பற்றி ஒரு வார்த்தை: கன்டிச்மாரா மக்கள் பட்ஜ் பிம் எரிமலைக் கற்களால் கால்வாய் கட்டி விலாங்கு வளர்த்தார்கள். 6,600 ஆண்டுப் பழமை. 2019-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. போய்ப் பாருங்கள், பகலில் போங்கள்.

வாசலில் பெரிய மேசை ஒன்று போட்டிருக்கிறோம். அதில் துணிப் பைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு தலையணை உறை, ஒரு சோடி கையுறை, ஒரு சிறு டார்ச், அவசர எண் எழுதிய அட்டை. விலை எதுவும் இல்லை. மகளிர் அணிச் சகோதரிகள் தைத்துத் தந்தவை. வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். பழைய சால்வைகள், கம்பளித் துணிகள் இருந்தால் அடுத்த வாரம் சங்கக் கட்டடத்தில் கொண்டுவந்து கொடுங்கள், மீட்புத் தொண்டர்களுக்கு அனுப்புகிறோம். இந்தப் பொன்னாடையையும், தலைவர் ஐயா அனுமதித்தால், அந்தத் துணிகளோடு சேர்த்துவிடுகிறேன். அடுத்து நம் பிள்ளைகளின் வில்லுப்பாட்டு. வணக்கம்.