வகுப்பறையில் விளையும் நாட்டுப்பற்று

(காரைக்குடியில் கல்லூரி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

பல்கலைக்கழக ஆசிரியர்கள் மாணவரின் நாட்டுப்பற்றை எவ்வாறு உருவாக்குகிறார்கள் என்பது குறித்துப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். கொடியேற்று விழாவில் ஆற்றும் உரையைக் காட்டிலும், ஓர் ஆசிரியர் ஆண்டு முழுவதும் பாடம் நடத்துகிற முறையும் மாணவரிடம் நடந்துகொள்கிற விதமுமே அவர்கள் உள்ளத்தில் ஆழப் பதிகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்த ஜெகதீச சந்திர போஸுக்கு, அதே பணியிலிருந்த ஆங்கிலேயரைவிடக் குறைந்த ஊதியமே விதிக்கப்பட்டது. அவர் மூன்றாண்டுகள் அந்தச் சம்பளத்தைக் கையால் தொடாமல் பாடம் நடத்தினார். முடிவில் நிர்வாகம் இறங்கிவந்து முழு ஊதியத்தையும் நிலுவையோடு வழங்கியது. அங்கேயே வேதியியல் கற்பித்த பிரபுல்ல சந்திர ராய், 1922இல் வட வங்கம் வெள்ளத்தில் மூழ்கியபோது நிவாரணப் பணிக்குத் தலைமை ஏற்றார். இவ்விருவரிடமும் பயின்ற மேகநாத் சாகா பிற்காலத்தில் வானியற்பியலில் உலகப் புகழ் பெற்றபின்பும் ஆற்று வெள்ளத்தை விடாது ஆராய்ந்து, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு வழிகோலியவர்களுள் ஒருவரானார். எதிர்மறையான சான்றும் அக்கல்லூரியிலேயே உண்டு. வரலாற்றுப் பேராசிரியர் ஓட்டன் இந்திய மாணவரிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்று 1916இல் எழுந்த கொந்தளிப்பில் அவர் தாக்கப்பட, சுபாஷ் சந்திர போஸ் என்ற மாணவர் கல்லூரியை விட்டு நீக்கப்பட்டார். ஆசிரியரின் இகழ்ச்சியும் மாணவருக்கு ஒரு பாடமாகிவிடுகிறது.

நம் ஊருக்கு வருவோம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று நேரு இங்கே மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். இதை எல்லா மேடைகளிலும் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் நம் கல்லூரி ஆய்வகங்களில் என்ன நடக்கிறது? பியூரெட் என்னும் அளவுக் குழாயில் வந்த அளவு ஒன்றாக இருக்க, பக்கத்து மாணவனுடைய நோட்டைப் பார்த்து விடைக்கு ஏற்றபடி எண்ணைத் திருத்தி எழுதும் பழக்கத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். "வந்த அளவையே எழுது, தம்பி, ஏன் மாறியது என்று சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லி, அந்த நேர்மைக்கு மதிப்பெண்ணும் தருகிற ஆசிரியர் நாட்டுக்குச் செய்யும் தொண்டு சிறிதன்று. கடற்காற்றில் இரும்பு துருப்பிடிப்பதை, இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற கடலோர ஊரில் அந்த மின்வேதியியல் ஆய்வகத்தார் ஆராய்கிறார்கள். அங்கே ஓர் அளவைப் பொய்யாக எழுதினால், பாலத்தின் மேல் செல்லும் ரயிலுக்கு யார் பொறுப்பு?

வரலாற்றுத் துறையின் பொறுப்பு இன்னும் கடினமானது. 1942 ஆகஸ்டில் தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்ததையும், துப்பாக்கிச் சூட்டில் நம்மவர் மாண்டதையும், திருவாடானைச் சிறையை மக்கள் உடைத்து விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை மீட்டதையும் இங்கே படிக்கும் பிள்ளைகள் அறியாமல் பட்டம் பெறுவது நமக்கு அழகல்ல. அதே நேர்மையோடு பர்மாவையும் பேச வேண்டும். 1930களில் நெல் விலை வீழ்ந்து கடன்கள் மூழ்கியபோது, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம், அங்கே கடன் கொடுத்திருந்த நம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கைக்கு வந்தது. நிலம் இழந்த பர்மிய உழவரின் குமுறலும், 1942இல் ஜப்பானியப் படையெடுப்பால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் திரும்பிய நம் மக்களின் துயரமும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். "ஐயா, நம் முன்னோரைக் குறைத்துப் பேசலாமா?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால் அவளை அதட்டி அமர்த்தாமல், பேரேட்டையும் அரசு அறிக்கையையும் அவள் முன் வைத்து, "படித்துவிட்டு உன் கருத்தைச் சொல், அம்மா" என்பவரே நல்லாசிரியர். இவ்வாறு பயின்றவள் தன் மண்ணை நேசிக்கப் பிற மண்ணினரை வெறுக்க வேண்டியதில்லை என்று தானே தெளிவாள். அறிவியல் மனப்பான்மையையும் ஆய்ந்தறியும் உணர்வையும் வளர்ப்பது குடிமகனின் கடமை என 1976இல் அரசியலமைப்பின் 51ஏ பிரிவில் சேர்க்கப்பட்டதே, அந்தக் கடமைக்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பு வேறு எது?

மாற்றுக் கருத்துச் சொன்ன மாணவனின் நாட்டுப்பற்றை ஐயுற்று, அக மதிப்பீட்டில் மதிப்பெண்ணைக் குறைப்பவர் அச்சத்தை மட்டுமே கற்பிக்கிறார் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. இறுதியாண்டு மாணவரின் திட்டக் கட்டுரைக்கு இணையத்தில் எடுத்து ஒட்டத்தக்க தலைப்புகளைக் கொடுக்காதீர்கள். புவியியல் துறையினர் ஓர் ஊரணியைத் தேர்ந்து, அதன் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். வணிகவியல் துறையினர், வீட்டாரின் இசைவோடு, பெட்டகத்தில் கிடக்கும் ஒரு பழைய பேரேட்டைப் படியெடுக்கச் செய்யுங்கள். மாணவரோடு வெயிலில் நீங்களும் நடங்கள். அவர்கள் கண்டறிந்ததை அந்த ஊர்ப் பொதுமக்கள் முன்னால் அவர்களையே படிக்க வையுங்கள்.