மார்ஃபினுக்கு எத்தனை உரிமம்?

நேயர்களுக்கு வணக்கம். புற்றுநோய் முற்றியவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். நள்ளிரவில் வலி வரும். கையில் இருப்பதோ பாராசிட்டமால். அந்த வலிக்கு உரிய மருந்து மார்ஃபின் மாத்திரை. விலையும் அதிகமில்லை. கிடைப்பதுதான் கடினம்.

மார்ஃபின் அபினிலிருந்து வருகிறது. கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். ஆமாம், குருமாவுக்கு அரைக்கிறோமே, அதே கசகசாதான். விதையால் போதை ஏறாது, பயப்படாமல் அரையுங்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. நம் நோயாளிக்கு மட்டும் எட்டவில்லை.

1985இல் வந்த போதைப்பொருள் சட்டம் கடத்தல்காரர்களுக்காக விரித்த வலை. சிக்கியவை மருத்துவமனைகள். மருந்தை வைத்திருக்க ஓர் உரிமம், கொண்டுவர ஓர் உரிமம், மாநில எல்லை தாண்ட இன்னொன்று. எல்லாம் ஒரே சமயத்தில் செல்லுபடியாக வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். கணக்கு பிசகினால் சிறை என்ற பயம் வேறு. எந்த மருந்துக்கடைக்காரர் துணிவார், சொல்லுங்கள்?

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு வலி தணிப்புச் சங்கம் தொடங்கினார்கள். இருவரும் மயக்க மருந்து நிபுணர்கள். என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட அமைப்பின் தலைவருக்கு மருத்துவமனையை நடத்துவது பாதி வேலை, தலைமைச் செயலகத்துக்கு நடப்பது மறுபாதி. ராஜகோபால் நடந்தார். மாத்திரை கள்ளச் சந்தைக்குப் போய்விடாதா என்று அதிகாரிகள் கேட்டால் கோபப்பட்டுப் பயனில்லை. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மார்ஃபின் கைமாறுகிறதா என்று அவரும் சகாக்களும் ஆராய்ந்தார்கள். கைமாறவில்லை என்பதை 2001இல் மருத்துவ இதழில் ஆதாரத்தோடு வெளியிட்டார்கள். மேடைப் பேச்சு செய்யாததைக் கணக்குப் புத்தகம் செய்தது.

அப்படியும் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது 2014இல்தான். பல உரிமங்கள் போய், மருத்துவமனைக்கு ஒரே அங்கீகாரம் போதும் என்றானது. மறுபடியும் சொல்கிறேன்: 1985இல் போட்ட முடிச்சு, 2014இல் அவிழ்ந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை இரவுகள்!

எனக்குத் தந்த நேரம் முடியப்போகிறது. கேரளத்து ஊர்த் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிப்பதையும், 2008இல் அந்த அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்ததையும் விரிவாகச் சொல்ல நினைத்தேன். சட்டம் மாறியும் பல மருத்துவர்கள் மார்ஃபின் எழுதத் தயங்குவது வேறு கதை. இன்னொரு முறை அழைத்தால் அதிலிருந்து தொடங்குகிறேன். வணக்கம்.