கட்டியவரும் கட்டுண்டவரும்

நேயர்களுக்கு வணக்கம். நான் வாள் பழகுகிறேன் என்று தெரிந்ததும் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அது எவ்வளவு பாரம்?" என்பதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு கையால் பிடிக்கும் வாள் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இரண்டு கையாலும் பிடிக்கும் நீண்ட வாள்கூடப் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். பத்துக் கிலோ இரும்பைச் சுழற்றினார்கள் என்பது சினிமா நமக்குத் தந்த நினைப்பு.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வாரம் ஒரு மாலை எங்கள் கிளப் கூடும். நாங்கள் பழகுவது ஒலிம்பிக்கில் நீங்கள் பார்க்கும் வாள்வீச்சு அல்ல. ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் இருந்த முறை. ஒரு கையில் வாள், மறு கையில் சாப்பாட்டுத் தட்டளவு சின்னக் கேடயம். சிலம்பம் என்றால் ஆசான் இருக்கிறார், அவருக்கும் ஓர் ஆசான் இருந்திருப்பார். இந்தக் கலையில் அந்தத் தொடர் அறுந்துபோயிற்று. மிஞ்சியவை ஏடுகள்தான். ஆகவே புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு பழகுகிறோம்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. ஐரோப்பாவில் கிடைத்திருக்கும் வாள்பயிற்சி நூல்களில் அதுதான் மிகப் பழையது. 1300களின் தொடக்கத்தில், தோல் தாளில், ஜெர்மன் நாட்டில் எழுதியது. 64 பக்கம். நெடுங்காலம் அந்த நாட்டின் கோதா நகர நூலகத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் காணாமல் போய், 1950இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. இப்போது எங்கள் லீட்ஸிலேயே, ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐ.33 என்பது அதன் எண். அந்த எண்ணைத்தான் நாங்களும் பெயராகச் சொல்கிறோம்.

படத்தில் ஒரு பாதிரியார், எதிரே அவர் மாணவன். பக்கத்துக்குப் பக்கம் அவர்கள் இருவரும்தான். படத்தோடு லத்தீனில் மனப்பாடம் செய்வதற்கான செய்யுள், அதற்கு விளக்கமாக உரைநடை. நன்னூல் படித்தவர்களுக்கு இது புதிதே அல்ல. நூற்பாவும் உரையும்! முதல் முறை அதைப் பார்த்தபோது பள்ளிக்கூடத்துத் தமிழ் வகுப்பில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது எனக்கு. அதில் ஒரு செய்யுள் மீண்டும் மீண்டும் வருகிறது. கட்டியவனும் கட்டுண்டவனும் பகைவர், சினந்தவர். கட்டுண்டவன் பக்கமாக விலகி ஓடுகிறான். நான் தொடரப் பார்க்கிறேன். பொருள் அவ்வளவுதான்.

கட்டுவது என்றால் கயிற்றால் அல்ல. என் வாள் உங்கள் வாள்மேல் படிந்து அதை அடக்கிவிட்டால் நான் கட்டியவள், நீங்கள் கட்டுண்டவர். சினிமாவில் வாளும் வாளும் மோதி உடனே விலகும். இங்கே விலகாது, ஒட்டி நிற்கும். ஒட்டி நிற்கும் அந்த ஒரு கணத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வடமராட்சிக் கடற்கரையில் பட்டம் ஏற்றியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பட்டம் மேலே என்ன செய்கிறது என்று கண்ணால் பார்த்தா நூலை விடுகிறோம்? விரலில் நூல் இழுபடுவதை வைத்துத்தானே விடுகிறோம், இழுக்கிறோம். வாளும் அப்படித்தான். எதிரே இருப்பவர் அழுத்துகிறாரா, தளர்கிறாரா, விலகப் பார்க்கிறாரா என்பது உள்ளங்கைக்குத் தெரியும். கண் பார்த்து முடிப்பதற்குள் காலம் போய்விடும். திரும்பவும் சொல்கிறேன், உள்ளங்கைக்குத்தான் தெரியும்.

இதை நான் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. நான் சேர்ந்த இரண்டாம் மாதம், என்னைவிட இருபது வயது மூத்த ஓர் அம்மா என்னோடு பழகினார். கட்டியதும் எனக்கு அவசரம், வாளை எடுத்துத் தலைக்கு வீசினேன். வாளை எடுத்தபோது கேடயத்தை வாள்பிடித்த கையைவிட்டு விலக்கிவிட்டேன். அவர் வாள் என் கட்டைவிரலில் வந்து நின்றது. கையுறை இருந்ததால் நகம் கறுத்ததோடு போயிற்று. அவர் முகமூடியைக் கழற்றி, "வாள் எங்கே போனாலும் கேடயம் அந்தக் கையோடு போகவேண்டும்" என்று சொல்லி, என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து மெதுவாக ஐந்தாறு முறை நகர்த்திக் காட்டினார். படத்தில் பாதிரியாரின் கை அப்படித்தான் இருக்கிறது. நூறு தடவை பார்த்திருந்தும் அதுவரை என் கண்ணில் படவில்லை.

நேரம் முடியப் போகிறது என்று எதிரே கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். சேர விரும்புகிறவர்கள் முதலில் வாள் வாங்கவேண்டாம். சுவரில் மாட்டுவதற்கென்று விற்பது பயிற்சியில் முறிந்து தெறிக்கும். முகமூடி, பிறகு நல்ல கையுறை, அப்புறம்தான் மற்றவை. முதல் சில மாதத்துக்கு எங்கள் கிளப்பில் எல்லாம் இரவல் தருகிறோம்.

பெண்கள் பழகலாமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கியிருந்தேன், இப்போது இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் புத்தகத்தின் கடைசி இரண்டு பக்கத்தில் மாணவன் இல்லை. அவன் இடத்தில் வாளும் கேடயமும் ஏந்தி, பாதிரியாருக்கு எதிரே ஒரு பெண் நிற்கிறாள். வால்புர்கிஸ் என்று பெயரும் எழுதியிருக்கிறது. எங்கள் கிளப்புக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு நான் முதலில் விரித்துக் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். வணக்கம்.