கோடு கிழிக்காத எல்லையில் ஒரு கூடாரம்

வணக்கம். தொண்டிக் கடற்கரையிலிருந்து பேசுகிறேன். காற்றின் இரைச்சல் ஒலிவாங்கியில் சற்று அதிகமாகவே விழும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் நின்றுகொண்டு லடாக்கைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் உயிரிழந்த 20 இந்திய வீரர்களில் ஒருவரான ஹவில்தார் பழனி, நமது திருவாடானைப் பகுதியில் உள்ள கடுக்கலூரைச் சேர்ந்தவர். மறு ஆண்டு அவருக்கு வீர் சக்ரா விருது அறிவிக்கப்பட்டது. அவர் பீரங்கிப் படைப்பிரிவைச் சேர்ந்தவர். பீரங்கிகளோடு பழகிய ஒருவர், ஒரு தோட்டாகூட வெடிக்காத சண்டையில் உயிரை விட்டிருக்கிறார்.

துப்பாக்கி ஏன் வெடிக்கவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். இரு நாட்டுப் படைகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளைப் பிரிக்கும் அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் எந்தத் தரப்பும் சுடக்கூடாது, வெடிவைக்கக்கூடாது என்று இரு நாடுகளும் 1996ஆம் ஆண்டு உடன்படிக்கை செய்துகொண்டன. அதனால்தான் கல்லும் கம்பும் ஆணி பதித்த தடியும் ஆயுதங்களாயின. அந்த உடன்படிக்கையில் எனக்கு விசித்திரமாகத் தோன்றுவது வேறொன்று: கோட்டிலிருந்து 2 கிலோமீட்டர் என்று அளந்து எழுதியவர்கள், அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதில் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. 2000ஆம் ஆண்டில் எல்லையின் நடுப்பகுதிக்கான வரைபடங்களை மட்டும் பரிமாறிக்கொண்டார்கள். லடாக் உள்ள மேற்குப் பகுதிக்கு அதுவும் நடக்கவில்லை.

கோடு இல்லாத இடத்தில் உரிமையை எப்படி நிலைநாட்டுவது? ரோந்து போவதுதான் வழி. நம் வீரர்கள் ஓரிடம் வரை நடந்து சென்று திரும்புவார்கள். வேறொரு நாள் சீன வீரர்களும் அதே இடத்துக்கு வந்து போவார்கள். இப்படி இருவரும் வந்துபோகும் நிலத்தில் ஒரு தரப்பு கூடாரம் அடித்து, திரும்பிப் போக மறுத்துவிட்டால், அதுவே ஆக்கிரமிப்பாகிவிடுகிறது. லடாக்கில் உள்ள பாங்காங் ஏரியின் வடகரையில் நடந்தது இதுதான். விரல்களைப் போல ஏரியை நோக்கி நீளும் மலை முகடுகளுக்கு அங்கே 1 முதல் 8 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் விரல் வரை எங்களுடையது என்பது இந்தியாவின் நிலை. 2020 மே மாதத்தில் சீனப் படை நான்காம் விரலில் வந்து அமர்ந்து, அதற்கு அப்பால் ரோந்து போவதைத் தடுத்தது. கல்வானிலும் ஒரு கூடாரத்தை அகற்றுவது தொடர்பாகவே தகராறு மூண்டது. அங்கே படைப்பிரிவின் தலைவர் கர்னல் சந்தோஷ் பாபுவும் உயிரிழந்தார். தங்கள் தரப்பில் நால்வர் இறந்ததாகச் சீனா ஒப்புக்கொள்வதற்கு எட்டு மாதங்கள் ஆயின.

இந்தியாவின் பதில் ஆகஸ்ட் இறுதியில் வந்தது. ஏரியின் தென்கரையில் உள்ள கைலாஷ் மலைத்தொடரின் உச்சிகளில், ரெசாங் லா, ரெச்சின் லா உட்பட, நம் படையினர் ஒரே இரவில் ஏறி அமர்ந்தார்கள். கீழே இருந்த சீன முகாம்கள் அங்கிருந்து கண்ணுக்குத் தெரிந்தன. பேச்சுவார்த்தை மேசையில் இந்தியாவுக்குக் கனம் கொடுத்தது அந்த உச்சிகள்தான் என்பது என் கணிப்பு. ஆனால் 2021 பிப்ரவரியில் ஏற்பட்ட உடன்பாட்டில், சீனப் படை எட்டாம் விரலுக்கு அப்பால் பின்வாங்க, இந்தியப் படை மூன்றாம் விரல் அருகே உள்ள தன் சாவடிக்குத் திரும்ப, நாம் பிடித்த உச்சிகளும் காலி செய்யப்பட்டன. இடைப்பட்ட நிலத்தில் இருவருமே ரோந்து போவதில்லை என்று முடிவானது. முன்பு நாம் நடந்துபோன நிலமும் அந்த இடைவெளிக்குள் சேர்ந்துவிட்டதால், இதை முழு வெற்றி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இதையெல்லாம் விளக்கினேன். அவர் வீரதீரம் எதையும் கேட்கவில்லை. "அப்ப ஆடு மேய்க்கிறவுக எங்க தம்பி போவாக?" என்று மட்டும் கேட்டார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான பாக் நீரிணையின் கோடு 1974ஆம் ஆண்டு உடன்பாட்டிலேயே வரையப்பட்டுவிட்டது. இரு அரசுகளுக்கும் அதில் குழப்பமில்லை. ஆனாலும் தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாது, ஜிபிஎஸ் திரையில்தான் தெரியும். வரைந்த கோட்டிலேயே இத்தனை பாடு பட்டவர் என்பதால், அவருக்கு அந்தக் கேள்வி முதலில் வந்திருக்கலாம்.

அவர் கேட்டது சரியான கேள்விதான். பாங்காங் ஏரிக்குத் தெற்கே சூஷுல் பக்கத்தில் பஷ்மினா ஆடுகளை மேய்க்கும் சாங்பா மக்கள், குளிர்காலத்தில் பனி குறைவாக விழும் தாழ்வான வெளிகளை நம்பியே மந்தையைக் காப்பாற்றுகிறார்கள். படைகள் விலகிய இடைவெளிகளில் அந்த மேய்ச்சல் நிலங்களும் சிக்கிக்கொண்டன என்று அங்குள்ள மக்கள் பிரதிநிதிகள் வெளிப்படையாகவே முறையிட்டு வந்திருக்கிறார்கள். 2024 அக்டோபர் உடன்பாட்டின்படி லடாக்கின் தெப்சாங், தெம்சோக் பகுதிகளில் ரோந்தும் மேய்ச்சலும் மீண்டும் தொடங்க வழி பிறந்தது. பாங்காங் கரையின் இடைவெளியும் கல்வானின் இடைவெளியும் அந்த உடன்பாட்டில் வரவில்லை. பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "பாதிக் கடலத் திறந்துவிட்ட மாதிரி" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.