போர் முடிஞ்சுடுச்சுன்னு சொல்லாத பொண்ணு: கோஸ்பொடினோவ் நாவல்கள்

வணக்கம். இன்னிக்கு நேரா கதைக்குள்ளயே போயிடறேன்.

இரண்டாம் உலகப்போர் முடியப்போற நேரம். ஹங்கேரில ஒரு வீட்டு நிலவறையில பல்கேரிய சிப்பாய் ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான். அந்த வீட்டுப் பொண்ணுதான் அவனை ஒளிச்சு வெச்சு, சாப்பாடு குடுத்துக் காப்பாத்தறா. போர் முடிஞ்சுடுது. அவ சொல்லல. சொன்னா அவன் போயிடுவானே! வெளில இன்னும் சண்டை நடக்குதுன்னு நம்பிக்கிட்டு அவன் இருட்டுலயே உக்காந்திருக்கான்.

இது பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி கோஸ்பொடினோவ் 2011-ல எழுதின 'தி பிசிக்ஸ் ஆஃப் சாரோ' நாவல்ல வர்ற சம்பவம். உயிரைக் காப்பாத்தின அதே இடம் எப்போ சிறையா மாறுச்சுன்னு உள்ள இருக்கறவனுக்குத் தெரியவே தெரியாது. இவரோட நாவல்கள் எல்லாத்துலயும் ஏதோ ஒரு வடிவத்துல இந்த நிலவறை வந்துக்கிட்டே இருக்குன்னு எனக்குத் தோணுது.

பல பேருக்கு இவர் பேரு தெரிஞ்சது 2023-லதான். 'டைம் ஷெல்டர்' நாவலுக்கு, ஆங்கிலத்துல மொழிபெயர்த்த புத்தகங்களுக்குத் தர்ற சர்வதேச புக்கர் பரிசு கிடைச்சுது. பல்கேரிய மொழிலேர்ந்து போய் அந்தப் பரிசை வாங்கின முதல் நாவல் அது. 50,000 பவுண்டு பரிசு, மொழிபெயர்ப்பாளர் ஏஞ்சலா ரோடெலுக்குச் சரிபாதி. அறிவிச்ச நாள் மே 23. அடுத்த நாள் மே 24, பல்கேரியாவுல அவங்க எழுத்துக்களுக்காகவே கொண்டாடற திருநாள், அரசு விடுமுறை. எழுத்துக்கு ஒரு பண்டிகை! இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

அந்த நாவலோட பல்கேரியத் தலைப்பு அவரே உண்டாக்கின வார்த்தை. குண்டு விழும்போது ஓடி ஒளியற பதுங்குகுழிக்கு அங்க ஒரு சொல் இருக்கு. அதுல 'குண்டை' எடுத்துட்டு 'காலத்தை' வெச்சுட்டாரு. காலத்துக்குப் பயந்து ஒளியற குழி.

கதைல கௌஸ்டின்னு ஒரு ஆளு, சூரிச்சுல ஒரு மருத்துவமனை தொடங்கறாரு. நினைவு அழிஞ்சுக்கிட்டிருக்கற அல்சைமர் நோயாளிகளுக்காக. ஒவ்வொரு மாடியும் ஒவ்வொரு பத்தாண்டு. அறுபதுகள் மாடிக்குப் போனா அந்தக் கால நாற்காலி, சிகரெட், செய்தித்தாள், வாசனை கூட அதே. என் பாட்டி கடைசிக் காலத்துல, வித்துட்ட பழைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி தினமும் கேப்பாங்க. "அதான் வித்தாச்சே பாட்டி"ன்னு நானும் தினமும் திருத்துவேன். இதைப் படிக்கும்போது புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். ஒரு நாளாவது அந்த வீட்டுத் திண்ணையப் பத்திப் பேசிட்டு உக்காந்திருக்கலாமே.

அந்த மருத்துவமனைக்கு ஒருத்தர் வர்றாரு. பேரு கூட கிடையாது, மிஸ்டர் என். தன் வாழ்க்கையே மறந்துபோச்சு, எடுத்துச் சொல்லவும் ஆள் இல்ல. கடைசில ஒரே ஒரு சாட்சி கிடைக்குது. கம்யூனிஸ்ட் ஆட்சில அவரை வேவு பார்த்த ரகசியப் போலீஸ்காரர்! எங்க போனாரு, யாரைப் பார்த்தாருன்னு எல்லாம் அந்த ஆளுக்கு ஞாபகம் இருக்கு. வேவு பார்த்தவன் எதிர்ல உக்காந்து, இவரோட வாழ்க்கையை இவருக்கே கதையா சொல்றான். நான் படிச்சதுல இப்படி உலுக்கின காட்சி ரொம்பக் கம்மி. கோஸ்பொடினோவ் இதைச் சும்மா கற்பனையில பிடிக்கல. கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த 1989-க்கு முன்னாடி எப்படி வாழ்ந்தோம்னு சாதாரண ஜனங்க சொன்ன 171 கதைகளைத் தொகுத்து 2006-ல ஒரு புத்தகமாவே போட்டவரு. அரசாங்கக் கோப்புல மட்டும் ஒரு மனுஷனோட வாழ்க்கை மிஞ்சிடக் கூடாதுன்னு நினைக்கறவரோட வேலை அது.

அப்புறம்தான் கதை திரும்புது. நல்லா இருக்கறவங்களும் பழைய காலத்துல தங்க ஆசைப்படறாங்க. அப்புறம் நாடுகளே. எந்தப் பத்தாண்டுக்குத் திரும்பலாம்னு ஐரோப்பா முழுக்க வாக்கெடுப்பு! பல்கேரியாவுல ஒரு கூட்டம் சோஷலிச காலம் வேணும்ங்குது, இன்னொண்ணு துருக்கியரை எதிர்த்த 1876 கிளர்ச்சி வீரர்கள் மாதிரி வேஷம் கட்டிக்கிட்டு வருது. படுக்கைல இருக்கற ஒருத்தருக்கு மருந்தா இருந்தது நாட்டுக்கே விஷமாயிடுது. ஏன்னா அந்த நோயாளிக்கு மிச்சம் இருக்கறது நேத்து மட்டும்தான். நாட்டுல நாளைக்குப் பொறக்கப்போற குழந்தைங்க இருக்காங்க.

முதல் நாவல் 'நேச்சுரல் நாவல்', 1999. கதை சொல்றவனோட மனைவி இன்னொருத்தரோட குழந்தையைச் சுமக்கறா, விவாகரத்து. அந்த வலியை நேரா சொல்ல முடியாம ஈ, கழிப்பறை, வேற நாவல்களோட முதல் வரிகள்னு சுத்திச் சுத்திப் பேசறான். எனக்கு அது கொஞ்சம் சிதறலாத்தான் பட்டுது. 2024-ல வந்த 'டெத் அண்ட் த கார்டனர்', தோட்டம் போட்ட ஒரு அப்பாவோட கடைசி நாட்கள். எளிமையான புத்தகம், ஆனா அப்பாவை இழந்தவங்க ஒரே மூச்சுல படிக்க வேண்டாம்.

புதுசா படிக்கறவங்க பரிசு வாங்கினதை விட்டுட்டு 'பிசிக்ஸ் ஆஃப் சாரோ'ல ஆரம்பிங்க. கிரேக்கப் புராணத்துல வர்ற மினோட்டார் கதை தெரியும்ல? காளைத்தலை அரக்கன், அவனைக் கொன்ன வீரன். கோஸ்பொடினோவ் அந்த அரக்கனுக்காக வக்கீலா நிக்கறாரு. தலை மாட்டுத்தலையா இருந்ததுக்காக இருட்டுல அடைச்சுட்டாங்க, அவன் ஒரு குழந்தைய்யாங்கறாரு. கைவிடப்பட்ட எல்லாக் குழந்தைங்களும் அந்த நாவலுக்குள்ள வந்து சேந்துக்கறாங்க.

அதுல கதைசொல்லியோட தாத்தாவும் ஒருத்தர். நிலவறைல இருந்த அதே சிப்பாய்தான். அவருக்கு மூணு வயசு இருக்கும்போது முதல் உலகப்போர், பஞ்சம். மாவு மில்லுக்கு வந்த குடும்பம் வண்டில திரும்பிப் போகுது. பாதி வழிலதான் தெரியுது, கடைசிப் பையனை மில்லுலயே விட்டுட்டோம். வீட்டுல எட்டுக் குழந்தைங்க. அம்மா உடனே வண்டியைத் திருப்பச் சொல்லல. ஒரு சில நொடி, பேச்சே இல்ல. அந்த மௌனத்தை அவர் எழுதியிருக்கற விதம்... அந்தத் தாயைத் திட்டவே முடியாது. அப்போ மூத்த அக்கா, அவளே சின்னப் பொண்ணு, நான் போறேம்மான்னு வண்டிலேர்ந்து இறங்கி மில்லைப் பார்த்து ஓடறா.